பாவனையாளர் விமர்சனமும் பண்டத்தின் அளவுகோலும்: கணனி விளையாட்டுக்கள் குறித்து

கலைப்படைப்பொன்றை மதிப்பிடும் உரிமை யாருக்குரியது என்னும் வினா எமது விமர்சன மரபுக்குப் புதியதன்று. பண்டிதர் தமக்கேயுரியதாக வைத்திருந்த அவ்வுரிமையைப் பொதுவாசகனுக்குப் பெற்றுக்கொடுப்பது முற்போக்கு விமர்சனத்தின் பணிகளுள் ஒன்றாயிருந்தது. ஆதலின், கணனி விளையாட்டுக்களை விளையாடியோரே மதிப்பிடும் வழக்கத்தைக் கும்பலின் கூச்சலென ஒதுக்கிவிட நாம் ஆயத்தமாயில்லை. ஸ்டீம் என்னும் இணைய அங்காடி 2013இல் பாவனையாளர் விமர்சனத்துக்கு இடமளித்தது. பத்திரிகை விமர்சகர் பெரும்பாலும் நிறுவனம் வழங்கும் பிரதியைக் கொண்டு, விற்பனை தொடங்குமுன்னரே எழுதுபவர். பழைய கணனியில் விளையாட்டு இடைநடுவில் நின்றுவிடுவதையும், பிந்திய மாற்றமொன்றினால் அது கெட்டுப்போனதையும் காசு கொடுத்து வாங்கியவரே எமக்குக் கூறுகின்றார். இப்பயன் மறுக்கற்பாலதன்று.

நியாயம் பற்றிய வினாவே சிக்கலானது. ரொறன்ரோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா'வை நோக்குவோம். 1988இல் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் கதை அது. தாயின் சிதைந்த சமையற் குறிப்பேட்டை விளையாடுபவர் மீட்டெடுக்கவேண்டும். இட்லியும் புட்டும் அவியும்போதே மகன் மொழியை விட்டு விலகிச் செல்வதும் தெரியவருகின்றது. 2024இல் பிரித்தானிய பாஃப்டா அமைப்பின் அறிமுகப் படைப்புக்கான விருதை அது பெற்றது. பாவனையாளர் பலர் அதனைப் பாராட்டினர். எனினும் அடிக்கடி எழுந்த முறைப்பாடு ஒன்றுண்டு: ஏறத்தாழ 15 டொலர் விலைக்கு ஒன்றரை மணிநேரந்தானா?

இம்முறைப்பாட்டை நாம் ஏளனஞ் செய்யவில்லை. உழைத்துச் சேர்த்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது எவருக்கும் உரியதே. ஆனால் மணிக்கு இத்தனை டொலர் என்னும் அளவுகோல் விளையாட்டினுள்ளிருந்து பிறந்ததன்று, சந்தையிலிருந்து வந்தது. இரண்டு மணிநேரத்துக்குக் குறைவாக விளையாடியவர் பதினான்கு நாட்களுக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாமென்ற அங்காடியின் விதியும் அதே அளவுகோலையே பிடித்து நிற்கின்றது. சிறுகதையைப் பக்கக்கணக்கால் எவரும் மதிப்பதில்லை. உடப்புசல்லாவைத் தோட்டங்களில் இவ்வளவுகோல் நன்கு அறியப்பட்டதே. கொழுந்து பறிப்பவரின் நாள் தராசில் நிறுக்கப்படுகின்றது. அவர் பறித்ததன் சுவையையோ, 1883 முதல் நடைபெற்றுவரும் கொழும்பு ஏலத்துக்கென வேறு சிலர் சுவைத்துத் தீர்மானிக்கின்றனர். இரண்டிடத்தும் அவருக்குக் குரலில்லை.

ஸ்டீமிலும் வாங்கியவர்க்கே குரலுண்டு. 15 டொலர் என்பது 2024இல் பெருந்தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தின் மூன்று மடங்குக்கும் அதிகம். புலம்பெயர்வு பற்றிய ஒரு தமிழ் விளையாட்டுக்கு, தலைமுறைகளுக்கு முன் கடல்கடந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் தீர்ப்புக் கூறும் வாய்ப்பு இவ்வாறு சுருங்கிவிடுகின்றது. (எழுதுபவரது உழைப்புக்கும் கூலியில்லை, அவ்வுழைப்பால் அங்காடியே வளம் பெறுகின்றது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.)

திரள்திரளாக வந்து குவியும் கண்டன விமர்சனங்களை ஒரே தராசில் நிறுப்பது பிழை. 2020 யூனில் 'த லாஸ்ட் ஒஃப் அஸ்' இரண்டாம் பாகம் வெளியான அன்றே, முடிக்க இருபது மணிநேரத்துக்கு மேல் தேவைப்படும் அவ்விளையாட்டுக்கு ஆயிரக்கணக்கானோர் மெற்றாகிரிற்றிக்கில் பூச்சியம் வழங்கினர். பெண்பாத்திரங்கள் மீதும் தன்பாலுறவு மீதுமான காழ்ப்பு அதிற் பெரும்பங்கு வகித்தது. அது விமர்சனமன்று. 2024 மேயில் நிகழ்ந்ததோ வேறு. 'ஹெல்டைவர்ஸ் 2' விளையாட்டைக் கணனியில் விளையாட, சோனியின் பிளேஸ்டேஷன் வலையமைப்பிற் கணக்குத் தொடங்குவது கட்டாயமென அந்நிறுவனம் அறிவித்தது. அவ்வலையமைப்பின் சேவை இல்லாத நாடுகளில் இலங்கையும் ஒன்று. காசு கொடுத்தவர்கள் கதவுக்கு வெளியே நிற்க நேர்ந்திருக்கும். சில நாட்களுக்குள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. சோனி தன் முடிவைக் கைவிட்டது. அக்கண்டனங்களுட் பல விளையாட்டின் கலைத்தரம் பற்றி எதுவுங் கூறவில்லை. ஆயினும் அவை நியாயமானவை. சேவையுள்ள நாட்டினர் சேவையற்ற நாட்டினருக்காக எழுதியவையும் அவற்றுள் இருந்தன.

விளையாட்டுக்குப் புறம்பான விடயம் பற்றித் திரளாக வரும் விமர்சனங்களை மொத்தப் புள்ளியிலிருந்து நீக்கும் நடைமுறையை ஸ்டீம் 2019இற் கொண்டுவந்தது. எது புறம்பானது என்று தீர்மானிப்பது அங்காடிதான். உடப்புசல்லாவையில் இருந்து விளையாட முனையும் ஒருவருக்கு, தன் நாட்டின் பெயர் பட்டியலில் உண்டா இல்லையா என்பது விளையாட்டுக்குப் புறம்பான விடயமன்று.