அப்போ கம்பி எதுக்கு?

டெரெக் முல்லரின் வெரிடாசியம் சேனலில் 2021 நவம்பரில் வந்த மின்சாரம் பற்றிய வீடியோவையும், 2022-ல் வந்த அதன் தொடர்ச்சியையும் சேர்த்து மறுபடியும் பார்த்தேன். முதல் வீடியோ வந்தபோது பதில் வீடியோக்கள் வரிசைகட்டி வந்தன. சண்டையெல்லாம் "பல்பு எப்போ எரியும்" என்பதைச் சுற்றித்தான். எனக்கு அந்த வீடியோமேல் இருக்கும் குறை வேறு.

புதிரை மறந்தவர்களுக்காக: ஒரு பேட்டரி, ஒரு ஸ்விட்ச், ஒரு பல்பு. இரண்டு பக்கமும் தலா 3 லட்சம் கிலோமீட்டர் கம்பி, நிலாவுக்குப் பாதி தூரம் போய்த் திரும்பி வருகிறது. பல்பு இருப்பது பேட்டரியிலிருந்து 1 மீட்டரில். ஸ்விட்சைப் போட்டால் பல்பு எரிய எவ்வளவு நேரம்? முல்லர் சொன்ன விடை, ஒளி 1 மீட்டரைக் கடக்கும் நேரம், சுமார் 3.3 நானோ செகண்ட். (விடையை 1/சி என்று எழுதியதில் அலகு உதைக்கிறது. அது சின்ன விஷயம், விட்டுவிடலாம்.) காரணம், ஆற்றல் கம்பிக்குள்ளே ஓடவில்லை, வெளியே இருக்கும் மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து அதைக் கொண்டுபோகின்றன. 1884-ல் பாயிண்டிங் சொன்னது இதுதான்.

சரியான இயற்பியல். ஆனால் பார்த்து முடித்தவர் மனதில் எழும் முதல் கேள்வி: அப்போ கம்பி எதுக்கு? ஆற்றல் காற்று வழியாகப் போகுதுன்னா கம்பியைக் கழற்றிப் போட்டுடலாமே? இதற்கான பதில் முதல் வீடியோவில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நாலு வாக்கியத்தில் வந்து போய்விடுகிறது. கண்ணை மூடித் திறந்தால் தவறவிட்டுவிடுவோம். அந்தப் பதிலின் பெயர் பரப்பு மின்னூட்டம்.

நம் பள்ளிப் புத்தகத்தில் கம்பியைச் சுற்றி வட்ட வட்டமாகக் காந்தப்புலக் கோடுகள் இருக்கும். ஓர்ஸ்டெட், 1820, வலதுகைப் பெருவிரல் விதி. மின்புலம்? கம்பிக்குள்ளே மட்டும். வெளியே கிடையாது, ஏனென்றால் கம்பி மின்நடுநிலையில் இருக்கிறதாம். பெரிய புத்தகங்களும் இதற்கு விலக்கு இல்லை. 1965-ல் வந்த பர்செல்லின் பாடநூலும் ஃபெய்ன்மனின் இரண்டாம் தொகுதியும், காந்த விசையைச் சார்பியலிலிருந்து விளக்கும் அந்த அழகான இடத்தில், நடுநிலையான நீளமான கம்பியை வைத்துத்தான் தொடங்குகின்றன. அந்த விளக்கத்துக்கு அது போதும். ஆனால் அதில் பேட்டரி இல்லை, திரும்பி வரும் கம்பி இல்லை. படிப்பவர் வீட்டு ஒயரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 மி.மீ. தடிமனுள்ள இரண்டு செப்புக் கம்பிகள், 1 மீட்டர் இடைவெளி, நடுவே 12 வோல்ட். இந்த ஜோடிக்கு மின்தேக்குத்திறன் மீட்டருக்கு சுமார் 4 பிக்கோ ஃபாரட். அப்படியானால் ஒரு கம்பியின் மேல்பரப்பில் மீட்டருக்கு ஏறக்குறைய 30 கோடி எலக்ட்ரான் கூடுதலாகவும், இன்னொன்றில் அதே அளவு குறைவாகவும் இருக்கும். அதே ஒரு மீட்டரில் உள்ள கட்டுறா எலக்ட்ரான்களோடு ஒப்பிட்டால் இது சுமார் ஆயிரம் லட்சம் கோடியில் ஒன்று. எண்ணிக்கையில் பார்த்தால் "நடுநிலை" என்பது பொய்யே இல்லை. ஆனால் வெளியே இருக்கும் மின்புலம் முழுவதும் இந்தத் துளியூண்டு மிச்சத்திலிருந்துதான் வருகிறது. பாயிண்டிங் சொல்லும் ஆற்றல் ஓட்டத்தில் பாதிப் பங்காளி அது.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. கம்பியை வளைத்தால் உள்ளே இருக்கும் மின்புலமும் கூடவே வளைகிறதே, யார் வளைக்கிறார்கள்? வளைவில் ஒட்டியிருக்கும் மின்னூட்டம்தான். 1 ஆம்பியர் ஓடும் செப்புக் கம்பியை 90 டிகிரி திருப்ப எவ்வளவு மின்னூட்டம் வேணும்னு தோராயமாகப் போட்டால் 1.5-ஐப் பத்தின் 19-ஆம் அடுக்கால் வகுத்த அளவு கூலூம் வருகிறது. கிட்டத்தட்ட ஒரே ஒரு எலக்ட்ரான்! கம்பியின் தடிமன் கணக்கில் வரவே இல்லை. இந்த எண் ஒன்றுக்காகவே இந்தப் பாடத்தைப் பள்ளியில் வைக்கலாம்.

இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. ஜெஃபிமென்கோ 1962-ல், மின்னோட்டம் ஓடும் கடத்தியைச் சுற்றிப் புல் விதைகளைத் தூவி, அவை மின்புலத் திசையில் அணிவகுப்பதைப் படம் பிடித்துக் காட்டினார். எலக்ட்ரீஷியனின் பையிலேயே இரண்டு புலத்துக்கும் தனித்தனிக் கருவி இருக்கிறது. க்ளாம்ப் மீட்டர் காந்தப்புலத்தைப் பார்க்கிறது. லோடு ஓடாவிட்டால் அது சைபர். தொடாமலே பீப் அடிக்கும் டெஸ்டர் பேனா, மாறுதிசை மின்புலத்தைப் பார்க்கிறது. லோடு இல்லாத லைவ் ஒயரிலும் அது அலறும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு முல்லரின் பல்புக்குத் திரும்பினால் சண்டை பாதி அடங்கிவிடும். ஸ்விட்ச் போட்டவுடன் பேட்டரி முனையிலிருந்து பரப்பு மின்னூட்டம் கம்பியோடு ஒளி வேகத்தில் பரவத் தொடங்குகிறது. அதன் புலம் 1 மீட்டர் தாண்டி எதிர்க் கம்பியைத் தொடும்போது பல்பில் கொஞ்சம் மின்னோட்டம் கிளம்புகிறது. எவ்வளவு? மேலே சொன்ன கம்பி ஜோடி ஒவ்வொன்றும் சுமார் 830 ஓம் தடை மாதிரி நடந்துகொள்ளும், இரண்டு பக்கமும் சேர்த்து 1660. 12 வோல்ட், 12 ஓம் பல்பு என்றால் முதலில் கிடைப்பது 7 மில்லி ஆம்பியர்தான். முழுசாக எரிய 1 ஆம்பியர் வேண்டும். அந்த 7 மில்லி ஆம்பியர், தூரத்து முனையில் கம்பி அறுந்திருந்தாலும் வரும். அறுந்த சேதி இங்கே வந்து சேர ஒரு செகண்ட் ஆகும். "உடனே எரியும்" என்று சொன்னவர் இதைச் சொல்லாததால்தான் "அது வெறும் கசிவு" என்று எதிர்த்தவர்களுக்கும் இடம் கிடைத்தது. என் பார்வையில் கசிவும் முக்கிய ஓட்டமும் வேறு வேறு சமாச்சாரம் இல்லை. ஒரே பரப்பு மின்னூட்டம் படிப்படியாக ஏறி நிலைக்கு வரும் கதையின் முதல் காட்சியும் கடைசிக் காட்சியும்தான் அவை.

இரண்டாவது வீடியோவில் முல்லர் இதை நிதானமாகவே சொல்கிறார், பரிசோதனையும் செய்து காட்டுகிறார். இரண்டில் அதுதான் நல்ல வீடியோ. பாடப்புத்தகமாக வேண்டுமென்றால் சபே, ஷெர்வுட் இருவரும் எழுதிய "மேட்டர் அண்ட் இன்டராக்‌ஷன்ஸ்" இருக்கிறது. மின்சுற்றைப் பரப்பு மின்னூட்டத்திலிருந்தே தொடங்கிச் சொல்லித்தருகிறது. கிர்ச்சாஃப் விதிக்கு வந்து சேர அதில் கொஞ்சம் நேரமாகும். ஆகட்டுமே.