தாழ்ச்சி என்னும் தன்வினை

கோவை பெரிய கடைவீதி மிக்கேல் அதிதூதர் பேராலயத்துக்கு அம்மாயி சனிக்கிழமை மாலைகளில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவாள். சிறுமியாக நானும் கூடப் போவேன். உள்ளே என்ன சொன்னாள் என்பதைத் திரும்பும் வழியில் அவளே சொல்லிவிடுவாள். அப்பிச்சியை எதிர்த்துப் பேசினாளாம். அந்த வாரம் அப்பிச்சி கை நீட்டியிருப்பார். அவர் அந்த வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை.

பாமாவின் 'கருக்கு' (1992) நூலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இந்த வரிசை நினைவுக்கு வரும். தலித் தன்வரலாறு என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். கத்தோலிக்கப் பெண்ணுக்குக் கற்பிக்கப்படும் தாழ்ச்சியையும் மனஸ்தாபத்தையும் உள்ளிருந்தே விசாரிக்கும் நூலும் அதுதான். (பொதுத்தமிழில் மனஸ்தாபம் என்றால் பிணக்கு; கோயில் தமிழில் பாவத்துக்காக வருந்துதல்.)

பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஒரு தென்னையில் ஏறி விளையாடுகிறார்கள். பாமா ஏறித் தொட்டதும் காய் ஒன்று விழுகிறது. மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் அவர் திருடியாகிறார். நியாயம் கேட்டுச் சாமியாரிடம் போனால், சேரிப் பிள்ளை செய்திருக்கும் என்றே அவரும் முடிவு கட்டுகிறார். அதன்பிறகே வகுப்பில் சேர்க்கச் சொல்லிச் சீட்டு தருகிறார். அந்தச் சிறுமி எதற்காக மனஸ்தாபப்பட வேண்டும்? பிறந்த தெருவுக்காகவா?

இலக்கணம் நடத்துகிறவளின் சந்தேகம் ஒன்று: தாழ்தல் தன்வினை, தாழ்த்துதல் பிறவினை. ஞானோபதேச வகுப்பில் தாழ்ச்சி எப்போதும் தன்வினைதான். ஊர் ஏற்கெனவே தாழ்த்தி வைத்திருக்கிறவளிடம் அதைப் போதித்தால், தாழ்த்தியவர் வாக்கியத்திலிருந்தே காணாமல் போகிறார். பாமா அந்த எழுவாயைத் திரும்ப எழுதுகிறார்: தலைமையாசிரியர், சாமியார், மடத்துச் சிஸ்டர்கள்.

இத்தனைக்கும் அவர் மனஸ்தாபத்தையே உதறிவிடவில்லை. மடத்தில் வேளைக்குச் சாப்பாடு, வசதி என்று இருந்த காலத்தில் தன் சனங்களை விட்டு விலகிப்போனதற்காகத் தன்னையே குத்திக்கொள்கிறார். ஏழு ஆண்டுகளுக்குப் பின் வெளியேறி, வேலையில்லாமல் ஊருக்கு வந்து நிற்கிறார். நூலில் நான் நம்பும் மனந்திரும்புதல் அது ஒன்றுதான்.

ஆனால் அம்மாயியின் வரிசைக்குக் 'கருக்கு' முழுப் பதில் சொல்வதில்லை. புருஷனின் கையைப் பற்றிப் படிக்க 1994இல் வந்த 'சங்கதி'க்குத்தான் போக வேண்டும். மதமும் வீடும் சேர்ந்து ஒரு பெண்ணை எப்படிக் குனிய வைக்கின்றன என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் பிடிக்க முடிகிறது.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. 'கருக்கு' வந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு மனஸ்தாபம், பாவத்தை வெளியிடுதல், பரிகாரம் மூன்றும் வேண்டும் என்று அம்மாயிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆயர்கள் இரண்டாவதுக்கு வந்திருக்கிறார்கள்.

போன பருவத்தில் பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "அந்தத் தேங்காய்க்குக் கடைசியில யாராவது பாமாகிட்ட மன்னிப்புக் கேட்டாங்களா மேடம்?" என்றாள்.

புத்தகத்தில் இல்லை என்றேன்.