மார்ச் 15-க்குள் வலென்சியா போய்ச் சேருங்கள்

ஸ்பெயினுக்கு ஆயுளில் ஒரு தடவைதான் போக முடியும், எப்போது போகலாம் என்று யாராவது கேட்டால் நான் ஒரு நொடிகூட யோசிப்பதில்லை. மார்ச் 15 பகலுக்குள் வலென்சியாவில் இருங்கள், 19 நள்ளிரவு தாண்டும்வரை அங்கிருந்து நகராதீர்கள். ஃபாயாஸ் திருவிழா! இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீட்டில் எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

வசந்த விழா என்றதும் பலரும் செவில்லாவின் ஏப்ரல் ஃபேரியாவைச் சொல்வார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஆட்டமும் பாட்டும் விருந்தும் நடப்பது ஆயிரத்துச் சொச்சம் பந்தல்களுக்குள். பெரும்பாலானவை குடும்பங்களுக்கும் சங்கங்களுக்கும் சொந்தமானவை. அழைப்பு இல்லாதவர் வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். வலென்சியாவில் எல்லாமே தெருவில். நீங்கள் யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்பதில்லை. இன்னொரு வசதி, தேதி. ஈஸ்டரைப் பார்த்து ஆண்டுக்காண்டு நகரும் விழா இல்லை இது. சூசையப்பர் திருநாளான மார்ச் 19-ல் முடியும் என்றால் 19-தான், என்ன கிழமையானாலும்.

தச்சர்களின் காவலர் அல்லவா சூசையப்பர்? குளிர்காலத்தில் விளக்கு மாட்டி வேலை பார்த்த மரத்தண்டுகளை, பகல் நீண்டதும் இனி வேண்டாமென்று, பட்டறையில் சேர்ந்த மரச்சீவலோடு போட்டு அவர் திருநாளை ஒட்டிக் கொளுத்தினார்களாம். அந்தத் தண்டுக்கு யாரோ பழைய சட்டை மாட்ட, இன்னொருவர் தொப்பி வைக்க, அது பக்கத்துத் தெருக்காரரைக் கிண்டல் செய்யும் பொம்மையாகிவிட்டது என்பது ஊரார் சொல்லும் கதை. இன்று நகரத்தில் ஏறத்தாழ 400 வட்டாரக் குழுக்கள். ஒவ்வொன்றும் பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று சிற்பத் தொகுதிகளை நிறுத்துகிறது. ஊர் முழுக்க எழுநூற்றுக்கு மேல். பெரிய பரிசுக்குப் போட்டியிடுபவை 20 மீட்டரையும் தாண்டி மாடிக் கட்டடங்களை முட்டிக்கொண்டு நிற்கும். வருடம் பூராவும் சந்தா பிரித்து, லட்சக்கணக்கான யூரோ கொட்டி, பட்டறையில் மாதக்கணக்கில் செதுக்கி, வண்ணம் பூசி, நான்கைந்து நாள் நிறுத்தி, ஒரே இரவில் அத்தனையையும் எரித்துவிடுகிறார்கள். 2016-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எரிப்பதை மட்டும் பார்க்க 19-ஆம் தேதி ரயிலேறி வருகிற கூட்டம் ஒன்று உண்டு. மத்ரீதிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது, வரத்தான் செய்வார்கள். அவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. எரிகிற பொம்மை உங்களுக்குப் பழக்கப்பட்டதாக இருக்க வேண்டாமா? அதற்குத்தான் 15-ஆம் தேதி இரவு. பிளாந்தா, அதாவது நடுதல். சந்து சந்தாக நடந்தேன். ராட்சதத் தலை ஒன்று தனியாக நடைபாதையில் கிடந்து கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. கிரேன் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு போனது. கீழே பத்துப் பேர், 'இடப்பக்கம், இன்னும் இடப்பக்கம்' என்று ஆளுக்கொரு கட்டளை. விடிந்தால் நடுவர்கள் வந்துவிடுவார்கள், இவர்களோ இணைப்பு தெரியாமல் பட்டி பார்த்து வண்ணம் தொட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இரவில் நான் ஒரு மூக்குக்குச் சொந்தக்காரன் ஆனேன். அதைச் சரியாகப் பொருத்தியதும் நானும் சேர்ந்து கைதட்டினேன், அவ்வளவுதான் என் பங்கு. ஆனாலும் அடுத்த நான்கு நாளும் தினம் போய் அந்த மூக்கு சௌக்கியமா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

சிற்பங்களில் நக்கல் நிரம்பி வழிகிறது. அமைச்சர்கள், மேயர், கால்பந்துக் கிளப் முதலாளி, வாடகை ஏற்றும் வீட்டுக்காரர் என யாரையும் விடுவதில்லை. பக்கத்தில் வலென்சிய மொழியில் எழுதிய அட்டைகள் இருக்கும். புரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் குழுவின் பெரியவர் யாரிடமாவது கையைக் காட்டுங்கள். எனக்கு விளக்கிய தாத்தா ஒருவர் ஒவ்வொரு வரியையும் சொல்வதற்கு முன்பே தான் சிரித்துவிட்டு, பிறகு சொன்னார். பாதி புரிந்தது. அவர் சிரிப்பிலேயே மீதி ஈடாகிவிட்டது.

இனி மஸ்கலெத்தா. நமக்கு வாணவேடிக்கை என்றால் இரவு வேண்டும், நிறம் வேண்டும். இது பட்டப்பகல் 2 மணிக்கு, நகராட்சிச் சதுக்கத்தில், மார்ச் 1 முதல் 19 வரை தினமும் நடக்கிறது. கண்ணுக்குப் புகையைத் தவிர ஒன்றுமில்லை, முழுக்க முழுக்கக் காதுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும்! மாடத்திலிருந்து விழாவின் அரசி, வாணவெடிக்காரரை நோக்கி, ஐயா தொடங்கலாம் என்று வலென்சிய மொழியில் அனுமதி கொடுப்பார். கயிற்றில் வரிசையாகத் தொங்கும் வெடிகள் ஒன்று, இரண்டு என நிதானமாக ஆரம்பிக்கும். பிறகு நடை மாறும். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். நல்ல தவில் வித்வானின் தனியில் காலம் ஏறி, மோரா கடந்து, கோர்வைக்குள் நுழையும்போது உடம்பு தானாக நிமிருமே, அதேதான். கடைசி நிமிடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நிலநடுக்கம். 120 டெசிபெல் என்று படித்திருந்தேன். படிப்பது வேறு, உள்ளங்காலில் வாங்குவது வேறு. ஐந்தாறு நிமிடத்தில் எல்லாம் முடிந்து, ஒரு கணம் மௌனம், பிறகு ஊரே கத்துகிறது. முடிந்ததும் விமர்சனம் தொடங்கிவிடும். 'நடுவில் தொய்வு', 'நேற்றையவர் இன்னும் சுத்தம்' என்று பெட்டிக்கடை வாசலில் சபா ரசிகர்கள்போல் சண்டை போடுகிறார்கள்.

ஒரு மணிக்கே போய் நின்றால் இடம் கிடைக்கும். காதைப் பொத்தாமல் வாயைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், செய்யுங்கள். கைக்குழந்தையோடும் இதய நோயாளியோடும் அங்கே போக வேண்டாம், இதில் நான் விளையாடவில்லை.

தூக்கம்? அதை வீட்டிலேயே தூங்கி முடித்துவிட்டு வாருங்கள். காலை 8 மணிக்குப் பள்ளியெழுச்சி மாதிரி ஒன்று உண்டு. பித்தளை வாத்தியக் குழு முன்னே வர, பின்னாலேயே குழுவினர் கை நிறைய வெடிகளைத் தரையில் அறைந்துகொண்டு வருவார்கள். கழுத்தில் சின்ன மரப்பெட்டியில் பட்டாசு தொங்கவிட்டுக்கொண்டு ஆறு வயதுப் பிள்ளைகள் திரிகின்றன. இரவில் தெரு நடனம். இந்தச் சத்தம் தாங்காமல் ஊரைவிட்டே போய்விடும் வலென்சியாக்காரர்களும் உண்டு. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பாயேயா பிறந்த மண் இது. விழா நாட்களில் நடுத்தெருவில் விறகு மூட்டி, அகலமான தட்டையான வாணலியில் கோழி, முயல், பச்சை பீன்ஸ், கர்ரொஃபோ என்னும் பெரிய வெள்ளை அவரை, குங்குமப்பூ சேர்த்துப் பொங்குகிறார்கள். அடியில் பிடித்த காந்தலுக்குத்தான் அடிதடி. மாலையில் பூசணி சேர்த்துப் பொரித்த புன்யுவேலோவைக் கெட்டியான சூடான சாக்லேட்டில் தோய்த்துச் சாப்பிடுங்கள். எண்ணெயிலிருந்து எடுக்க எடுக்க வாங்குவதுதான் சரி, ஆறியதைத் தொடாதீர்கள்.

17, 18 இரண்டு நாளும் மாதாவுக்குப் பூக்காணிக்கை. பட்டுப் பாவாடையும் சரிகை மேலாடையுமாக, தலையின் இரு பக்கமும் பின்னாலும் கொண்டை போட்டு, பொன்னிறச் சீப்புகள் செருகிய பெண்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலமாக வருகிறார்கள். ஊர்வலம் போய்ச் சேரும் சதுக்கத்தில் மாதாவின் முகமும் குழந்தை இயேசுவும் மேலே இருக்க, உடலுக்கு வெறும் மரச்சட்டகம். வந்த பூச்செண்டுகளைச் சட்டகத்தில் தொற்றி நிற்பவர்களிடம் வீசுகிறார்கள். அவர்கள் பிடித்துச் செருகச் செருக, கார்னேஷன் பூக்களாலேயே மாதாவின் மேலங்கி நெய்யப்படுகிறது. மாலையில் பாதி அங்கியைப் பார்த்தேன், நள்ளிரவில் போனபோது விளிம்பு பின்னிக்கொண்டிருந்தார்கள். சதுக்கத்துக்குள் நுழைந்ததும் அழாத பெண் அபூர்வம். 18 இரவு துரியா ஆற்றின் பழைய படுகையிலிருந்து வாணவேடிக்கை, இது நமக்குப் பழகிய வண்ண வகை. நன்றாகவே இருக்கும், ஆனால் மஸ்கலெத்தாவுக்குப் பிறகு என்னை எந்த வாணமும் அசைக்கவில்லை.

சில நாள் முன்னதாகவே வர முடிந்தால் நினோத், அதாவது பொம்மைக் கண்காட்சியைத் தவறவிடாதீர்கள். ஒவ்வொரு குழுவும் தன் உருவங்களில் ஒன்றை அங்கே வைக்கும். பார்வையாளர்கள் வாக்களித்துப் பெரியதில் ஒன்றையும் சிறியதில் ஒன்றையும் தீயிலிருந்து காப்பாற்றலாம். 1934-ல் தொடங்கிய வழக்கம். தப்பித்தவை எல்லாம் அதற்கென்றே உள்ள அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. நான் வாக்களித்தது தோற்றுப்போனது, இன்னமும் அந்த முடிவை ஏற்கவில்லை.

19 இரவு கிரெமா, அதாவது எரித்தல். முதலில் குழந்தைகளுடையவை, அப்புறம் பெரியவை, கடைசியில் நகராட்சிச் சதுக்கத்தில் உள்ளது. கூட்டம் முழுக்கச் சதுக்கத்துக்கு ஓடும், நீங்கள் ஓடாதீர்கள். 15-ஆம் தேதி நட்டுவைத்ததைப் பார்த்தீர்களே, அதே தெருவுக்குப் போங்கள். தீயணைப்புப் படையினர் சுற்றுச் சுவர்களை நனைத்துத் தயாராக நிற்பார்கள். தண்ணீர் கேட்டுக் கூட்டம் கோஷமிடும், அவர்களும் பீய்ச்சுவார்கள். அந்த வட்டாரத்து அரசி திரியைப் பற்றவைக்கிறாள், சரவெடி ஓடிப்போய் உருவத்தின் மேல் ஏறுகிறது, வாத்தியக் குழு வலென்சியாவின் கீதத்தை வாசிக்கிறது, அவள் தோழிகளின் தோளில் விழுந்து அழுகிறாள். கரும்புகை, வெள்ளைத் தெர்மோகோல் அவ்வளவும் எரிகிறதே, மூச்சு முட்டத்தான் செய்யும். வெப்பத்தில் கூட்டம் பத்தடி பின்வாங்கியது. என் மூக்கு கடைசிவரை நின்றது, சத்தியமாக! உடல் சரிந்த பிறகுதான் விழுந்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். நானும் தமிழில் ஏதோ சொன்னேன்.

சரி, ஏற்பாடு. ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அதனால் செப்டம்பர் பாதியிலேயே காகிதங்களைத் தயார் செய்யுங்கள். அறையை அதற்கும் முன்னால் பிடித்துவிடுங்கள், ரத்து செய்ய முடிகிற அறையாக. விழா வாரத்தில் வாடகை ஏறிக்கொண்டே போகும். ருஸாஃபா பகுதியில் இரவு விளக்கு அலங்காரம் பிரமாதம், ஆனால் தூங்க நினைப்பவர் அங்கே தங்கக் கூடாது. மெட்ரோ நிலையத்துக்கு அருகே, மையத்திலிருந்து சற்றுத் தள்ளித் தேடுங்கள். விழா நடக்கும் தெருக்களில் கார் நுழையவே முடியாது, எனவே வாடகைக் கார் வீண். பழைய பருத்திச் சட்டை, நன்றாகப் பழகிய செருப்போ ஷூவோ போதும். நைலான் வேண்டாம், தீப்பொறி பட்டால் ஓட்டைதான். மாலைக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர். திரும்பும் விமானத்தை மட்டும் 20-ஆம் தேதி காலையில் போடாதீர்கள். மதியத்துக்கு மேல் போடுங்கள், முடிந்தால் 21-க்குத் தள்ளுங்கள். 20-ஆம் தேதி உங்களால் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியாது.