சத்தம் அடங்கட்டும்

ஏத்தன்பழத் தோல் மஞ்சளாக இருக்கிறவரை சித்தி அதைத் தொடமாட்டாள். கரும்புள்ளி விழ வேண்டும். விரலால் அமுக்கினால் லேசாக இடம் கொடுக்க வேண்டும், குழையக் கூடாது. கோடை விடுமுறைக்கு நாகர்கோவில் வீட்டில் பிள்ளைகள் கூடிவிட்டால் நாலு மணிக்கு வாணலி ஏறும். மைதா, கொஞ்சம் அரிசி மாவு, சர்க்கரை, உப்பு, சிட்டிகை மஞ்சள்தூள். நீளவாக்கில் சீவிய பழத்தை மாவில் முக்கி, வழிகிற மிச்சத்தைப் பாத்திர விளிம்பில் ஒரே இழுப்பில் வழித்துவிடுவாள். கைப்பழக்கம் எல்லாம் அந்த இழுப்பில்தான். தேங்காயெண்ணெயில் விழுந்ததும் சொர்ரென்று இரைச்சல், ஓரமெல்லாம் நுரை. பிறகு குமிழிகள் ஒவ்வொன்றாகக் குறையும்.

"எடுக்கட்டா சித்தி?"

"பொறு மக்கா, இன்னும் சத்தம் அடங்கல." தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பழம்பொரியின் மொறுமொறுப்பு மெல்லியதுதான், ஒரு கடிக்கு மேல் நிற்காது. உள்ளே பழம் இளகி, இனிப்புக்குப் பின்னால் துளி புளிப்பு. சித்தப்பா மட்டும் ஆறவைத்து, கட்டன்சாயாவோடு தின்பார். ஆறிவிட்டால் அது வேறு பலகாரம் என்பது என் கட்சி. அதற்காக அவர் தட்டில் மிஞ்சியதை நான் விட்டதில்லை.