அழகியற் கல்வியும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களும்: கற்பித்தல் நூல்கள் பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளிலே அழகியற் கல்வி பொதுக் கலைத்திட்டத்தின் ஓர் அங்கமாக இடம்பெறத் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் கனிட்ட இடைநிலை வகுப்புகளில் அதற்கோர் இடத்தை வழங்கியது. 1980 முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தோன்றிய தேசிய கல்வி நிறுவகம் பாடத்திட்டங்களையும் ஆசிரியர் கைந்நூல்களையும் ஆக்கி வருகின்றது. நூல்கள் இல்லையென்று குறைப்பட்டுக்கொள்வதற்கு இன்று அதிக இடமில்லை. ஆனால் அந்நூல்கள் கற்பிக்கும் அழகியல் எவருடையது, அது எந்தப் பிள்ளையை நோக்கிப் பேசுகின்றது என்னும் வினா நமது கல்வியியலாளரிடையேயும் இலக்கிய விமரிசகரிடையேயும் உரிய அழுத்தத்துடன் எழுப்பப்படவில்லை.

இவ்வினாவை இறக்காமம் போன்ற ஓர் ஊரிலிருந்து எழுப்புவது பொருத்தமாகும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நீளும் ஊர்களுக்கு மேற்கே, அம்பாறைப் பக்கமாக உள்வாங்கி, குளத்தையும் வயலையும் அண்டி அமைந்தது இவ்வூர். கரையோரத்துப் பெரிய ஊர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்புகள் இங்கு பிந்தியே வந்து சேர்வன. இத்தகைய ஊரொன்றில் பிள்ளையொன்று ஆறாந் தரத்துக்கு வந்து, அழகியற் பாடமொன்றைத் தெரிவுசெய்ய வேண்டிய நிலையில் நிற்கும்போது அதன் முன்னே உண்மையில் எத்தனை கதவுகள் திறந்துள்ளன?

கடதாசியிற் பல கதவுகள் உள்ளன. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் அழகியற் பாடத்தொகுதியிலே சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்பவற்றோடு தமிழ், சிங்கள, ஆங்கில, அரபு இலக்கிய நயங்களும் இடம்பெறுகின்றன. ஆனால் தமிழ்மொழிமூல மாணவருக்குச் சங்கீதம் என்பது நடைமுறையிற் கர்நாடக சங்கீதமே; நடனம் என்பது பரதமே. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே சென்னைச் சபாக்களின் சூழலில் இன்றைய உருவத்தைப் பெற்ற இச்செந்நெறிக் கலைகளின் பெறுமதியை நாம் மறுக்கவில்லை. ஒரு மொழி பேசும் மக்கள் அனைவருக்கும் ஒரே இசையும் ஒரே ஆடலுமே உண்டு என்ற எடுகோளையே மறுக்கின்றோம். இவ்வெடுகோள் முஸ்லிம் பிள்ளையை மாத்திரம் வெளியே நிறுத்தவில்லை. வசந்தனும் கூத்தும் ஆடி வளர்ந்த மட்டக்களப்புத் தமிழ்க் கிராமத்துப் பிள்ளையும் பாடசாலைச் சங்கீத வகுப்புக்குள் ஓரளவு அந்நியனாகவே நுழைகின்றான். வேறுபாடு யாதெனில், அவனுக்கு அவ்வகுப்பாவது உண்டு. முஸ்லிம் பாடசாலைகளிற் பெரும்பாலும் சித்திரமே எஞ்சுகின்றது. அதுவும் பலருக்கு விருப்பத் தெரிவன்று. வேறெதுவும் இல்லாமையால் வந்து வாய்ப்பது.

இதற்குக் காரணம் கேட்டால் முற்போக்கு வட்டாரங்களில் உடனடியாகக் கிடைக்கும் விடை ஒன்றுண்டு: சமயக் கட்டுப்பாடு. இசைக்கும் ஆடலுக்கும் உருவம் வரைதலுக்கும் மார்க்க அடிப்படையில் ஒதுக்கம் உள்ளது என்பது உண்மையே. அண்மைத் தசாப்தங்களில் அது வலுப்பெற்றும் உள்ளது. ஆனால் இவ்விடையோடு ஆய்வை முடித்துக்கொள்வது வசதியானது மாத்திரமன்றித் தவறானதுமாகும். ஏனெனில், அவ்வொதுக்கம் தொடாத கலைகள் இப்பிரதேசத்தில் மலிந்து கிடந்தும் அவையும் பாடசாலைக்குள் வரவில்லை. அதற்கு மார்க்கத்தைக் குறைகூற முடியாது.

பன் பாயை எடுத்துக்கொள்வோம். பன்னை வெட்டி, வெயிலில் உலர்த்தி, ஒரு பகுதியைச் சாயத்திலிட்டு அவித்து, நிறங்களை மாற்றி மாற்றி வைத்து இழைக்கும் பெண் என்ன செய்கின்றாள்? எத்தனை பன்னுக்குப் பின் நிறம் மாறவேண்டும், மூலையில் தொடங்கிய கோலம் எதிர்மூலையில் எவ்வாறு முடியவேண்டும், இருபுறமும் ஒத்திசைய எங்கே எண்ணிக்கையைத் திருப்பவேண்டும் என்பவற்றையெல்லாம் வரைபடமின்றி மனத்தில் வைத்துக்கொண்டே அவளது விரல்கள் இயங்குகின்றன. சமச்சீர், மீள்வரவு, நிறமுரண், வெளியைப் பகுத்தல் எனச் சித்திரப் பாடத்தின் அலங்கார வடிவமைப்புப் பகுதி எவற்றைக் கற்பிக்க முனைகின்றதோ அவையனைத்தும் அப்பாயில் உள்ளன. அதில் உருவம் இல்லை. மார்க்கத் தடையும் இல்லை. மருதமுனைத் தறியில் நெய்யப்படும் சாரத்தின் கட்டங்களையும் சேலைக்கரையையும் இவ்வாறே வாசிக்கலாம். கிரனடாவிலுள்ள அல்ஹம்றா மாளிகையின் ஓட்டுக் கோலங்களை ஒல்லாந்து ஓவியரான எஷர் 1936இல் நேரிற் பார்த்து வரைந்துகொண்டமையும், தம் பிற்காலப் படைப்புகளுக்கு அவற்றிலிருந்து அடித்தளம் பெற்றமையும் கலை வரலாற்றில் அறியப்பட்டவை. வீட்டுத் திண்ணையில் விரித்திருக்கும் பாயிலிருந்து தொடங்கி அல்ஹம்றா வரை ஒரு பிள்ளையை அழைத்துச் செல்லக்கூடிய பாடநூல் நம்மிடம் இல்லை. சித்திரப் பாடத்தின் வரலாற்றுப் பகுதியிலோ சீகிரியாவும் பொலன்னறுவையும் தெகல்தொறுவையும் மறுமலர்ச்சிக்கால இத்தாலியும் நிறைந்துள்ளன. அவை கற்கப்பட வேண்டியவையே. ஆனால் அவற்றை மனனஞ் செய்து விடையளிக்கும் பிள்ளைக்குத் தன் உம்மாவின் கையில் இருப்பதும் கலையென்று எவரும் சொல்வதில்லை.

இதன் வேர், கலையையும் உழைப்பையும் இருவேறாகப் பிரித்துவைத்த சமூக நோக்கிலே உள்ளது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் வரலாறே இதற்குச் சான்றாகும். அழகியற் கல்வியை அறிமுகப்படுத்திய அதே சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்கள் என்ற புதிய பிரிவொன்றையும் கொண்டுவந்தது. ஒவ்வொரு பாடசாலையும் தன் சுற்றாடலிலுள்ள தொழிலொன்றை ஆராய்ந்து பாடமாக்கிக்கொள்ளலாம் என்பது அதன் அடிப்படை. பாயும் தறியும் மட்பாண்டமும் பாடசாலைக்குள் வர அன்று ஒரு வழி திறந்தது. ஆனால் அவ்வழி தொழிலுக்குரியது, சித்திர வகுப்புக்குரியதன்று. ஒரே கலைத்திட்டத்துக்குள் ஒரு சுவர் எழுப்பப்பட்டு, உழைப்பவரின் வடிவ அறிவு சுவரின் இப்பக்கமும் 'அழகு' அப்பக்கமுமாக வைக்கப்பட்டன. 1977இல் ஆட்சி மாறியபின் தொழில்முன்னிலைப் பாடங்கள் கைவிடப்பட்டன, சுவர் நிலைத்தது. இந்தியாவிலே 1937இல் முன்வைக்கப்பட்ட ஆதாரக் கல்வித் திட்டத்தின் கீழ்ச் சேவாகிராமத்தில் ஓவியம் கற்பித்த தேவி பிரசாத், கைத்தொழிலும் கலையும் ஒரே கற்றலின் இரு முகங்களென்று தம் வகுப்பறை அனுபவத்திலிருந்து விரிவாக எழுதியுள்ளார். கலைவழிக் கல்வி பற்றி ஹேபேட் றீட் 1943இல் வெளியிட்ட நூலை நம் ஆசிரியர் பயிற்சிநெறிகளில் மேற்கோள் காட்டுவோர் உளர். சேவாகிராமத்து அனுபவம் நம் சூழலுக்கு மிக அணித்தாயிருந்தும் அத்துணை பேசப்படுவதில்லை.

இனி வாய்மொழிக் கலைகளுக்கு வருவோம். இங்கு நிலைமை சற்று வேறானது, நூல்கள் உண்டு. வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தது. இப்பிரதேசத்தின் நாட்டுப்பாடல் மரபை அறிய விரும்புவோர் அந்நூலைத் தவிர்க்க முடியாது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம் கிராமங்களின் கவிகளைத் தேடித் தொகுத்தார். இவர்களது உழைப்பு இல்லையெனில் பல கவிகள் அவற்றைப் பாடிய முதியோருடனேயே மறைந்திருக்கும். ஆயினும் தொகுப்பு வேறு, கற்பித்தல் நூல் வேறு. தொகுப்பு பாடலின் சொல்லைத் தருகின்றது. அச்சொல் எவ்வாறு நீட்டப்பட்டது, எவ்விடத்தில் மூச்சு நின்றது, வயற்காவலின்போது பரணிலிருந்து பாடப்பட்டதா, பாய் இழைக்கும்போது பெண்கள் கூடிப் பாடியதா, ஒருவர் பாட மற்றவர் மறுமொழி கூறினாரா என்பனவே ஆசிரியனுக்கு வேண்டியவை. காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள், மறைந்துபோன யாழின் சுருதிகளைக் கணித முறையிற் கணக்கிட்டு 1947இல் 'யாழ் நூல்' தந்தார். அக்காரைதீவுக்கு நடந்துபோகும் தூரத்திலே உயிருடன் ஒலித்துக்கொண்டிருந்த கவியின் இசைக்கு அத்தகைய கணக்கு ஒன்றை எவரும் எழுதவில்லை. இது அடிகள்மேற் கூறும் குறையன்று. அவருக்குப் பின்வந்த நம்மேற் கூறும் குறை.

நான்கு வரிகளில் அமைந்து, பக்கவாத்தியமின்றித் தனிக்குரலில் இழுத்துப் பாடப்படுவது கவி. வாத்தியம் பற்றிய தயக்கம் அங்கு எழவே வாய்ப்பில்லை. ஓதப்பள்ளியில் தஜ்வீத் பயின்ற பிள்ளை, எழுத்தின் பிறப்பிடத்தையும் நீட்டலின் அளவையும் மூச்சின் கட்டுப்பாட்டையும் இளமையிலேயே நுண்ணிதாக அறிந்துள்ளது. ஓதலைப் பாடல் என்று அச்சமூகம் கொள்வதில்லை. நாமும் அவ்வாறு கூறவில்லை. ஆனால் நெடிலையும் குறிலையும் செவியால் அளக்கத் தெரிந்த பிள்ளைக்கு யாப்பையும் கவியையும் கற்பிப்பது எளிதென்பதை எந்த ஆசிரியர் கைந்நூலேனும் கவனத்திற் கொண்டதுண்டா? களிகம்பும் பொல்லடியும் இவ்வாறே. அண்ணாவியாரின் பாட்டுக்கு இணைந்து, வட்டமாக நின்று, கோலோடு கோல் தட்டி, இடம்மாறி ஆடும் இவ்வாட்டங்கள் தாளத்தையும் வெளியுணர்வையும் கூட்டுறவையும் ஒருங்கே பயிற்றுவன. தமிழ்க் கிராமங்களின் வசந்தனிலும் கோலடியே உண்டு. இரண்டையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்துக் கற்பிக்கும் ஒரு நூல் 1985இன் பின்னர் இப்பிரதேசத்தின் இரு சமூகங்களுக்குமிடையே நேர்ந்த பிளவுகளைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமலே பெரிய பணியொன்றைச் செய்யும்.

கற்பித்தல் நூல் எவ்வாறிருக்கும் என்பதற்கு நம் நாடக உலகில் முன்மாதிரி உண்டு. 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'கூடி விளையாடு பாப்பா'வும் சி. மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு'ம் பிள்ளைகள் பேசி ஒப்புவிப்பதற்கான வசனத் தொகுதிகள் அல்ல. பாட்டும் விளையாட்டும் உடலசைவும் அவற்றின் உள்ளமைப்பாகவே உள்ளன. கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் பிள்ளைகளின் உடலுக்குப் பொருந்துமாறு மாற்றிக்கொண்ட மௌனகுருவின் அனுபவம் களிகம்புக்கும் பொருந்தும். ஆனால் அவ்வனுபவம் கல்லடிப் பாலத்தைத் தாண்டித் தெற்கே முஸ்லிம் பாடசாலைகளை எட்டியது குறைவு. தமிழ் அரங்கியலாளர் தம் கலைவரைபடத்தில் இவ்வூர்களுக்கு அளித்த இடம் சிறிதென்பதை ஒளிவுமறைவின்றிக் கூறவேண்டும்.

இம்முயற்சிக்கு எதிராக எழக்கூடிய ஆட்சேபங்களுள் ஒன்று வலுவானது. கவிகளிற் பெரும்பாலானவை மச்சானும் மச்சியும் பேசும் காதற் கவிகள். இவற்றை வகுப்பறையில் வைப்பது எங்ஙனம்? ஆசிரியைகளின் கூச்சத்தை நாம் ஏளனஞ் செய்யலாகாது. ஆனால் சங்க அகப்பாடல்களைப் பதினோராந் தரத்தில் கூச்சமின்றிக் கற்பிக்கின்றோம். பழமை அவற்றுக்குக் கௌரவத்தை வழங்கிவிட்டது. இதுவன்றித் தாலாட்டும், வேளாண்மை பற்றிய கவியும், பஞ்சத்தையும் பிரிவையும் பற்றிய கவியும் கீழ்வகுப்புகளுக்குப் போதுமான அளவில் உள்ளன. வயதுக்கேற்பத் தெரிவது தொகுப்பாசிரியரின் பொறுப்பு. தெரிதல் என்ற பெயரில் மொழியைத் திருத்தி, கிராமத்துச் சொல்லை அகற்றிச் செந்தமிழாக்குவதுதான் பெரிய ஆபத்து. அவ்வாறு செய்த தொகுப்பு கவியைப் பாடிய பெண்ணுக்கே விளங்காது.

கிராமியக் கலையைப் போற்றுவோர் அதனை இழைக்கும் கையின் வறுமையை மறந்துவிடுதல் இன்னோர் ஆபத்து. பிளாஸ்ரிக் பாய் சந்தையை நிறைத்துவிட்டது. பல நாள் உழைப்பில் உருவான பன் பாய்க்குக் கிடைக்கும் விலை அவ்வுழைப்புக்கு ஈடன்று. தன் பிள்ளை பாய் இழைக்கவேண்டும் என்று எந்த உம்மாவும் விரும்பமாட்டாள்; விரும்பவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையும் இல்லை. எனவே பாயைப் பாடமாக்குவது பிள்ளையைப் பாய்க்குத் திருப்பியனுப்புவதற்கன்று. பாயிலுள்ள அறிவைப் பாயிலிருந்து எடுத்து, பிள்ளை தான் விரும்பும் எதனிலும், அது கட்டடக் கலையாகவோ அச்சுக்கலையாகவோ கணிதமாகவோ இருக்கலாம், பயன்படுத்தும் வகையிற் கொடுப்பதற்கே.

இதற்கான நிறுவனங்கள் இப்பிரதேசத்திலேயே உள்ளன. அட்டாளைச்சேனையில் தேசிய கல்வியியற் கல்லூரி உண்டு. ஒலுவிலில் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு. கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் உண்டு. இவை மூன்றும் ஒன்றுகூடி ஆக்கக்கூடிய சிறிய கைந்நூலொன்றையே நாம் வேண்டுகின்றோம். நூறு பக்கத்துக்கு மேற்படலாகாது. ஒவ்வொரு பாடமும் ஒரு பொருளிலிருந்து அல்லது ஓர் ஒலியிலிருந்து தொடங்கட்டும்: ஒரு பாயின் நிறப்படம், அதன் கோலத்தைக் கட்டத்தாளில் எண்ணி வரைந்த படம், பிள்ளை தானே புதிய கோலம் அமைப்பதற்கான வெற்றுக் கட்டங்கள், ஒரு கவி, அதன் நீட்டலைக் கோடுகளாற் காட்டும் குறிப்பு, கேட்பதற்கான ஒலிப்பதிவு, அதன் இறுதி இரு வரிகளைப் பிள்ளைகள் தாமே கட்டுவதற்கான இடம். களிகம்பின் அடிவைப்புகளுக்கு மேலிருந்து பார்க்கும் வட்டப்படங்கள் போதும். ஆடுபவரின் உருவம் வேண்டியதில்லை. பாயை இழைத்தவரின் பெயரும் கவியைப் பாடியவரின் பெயரும், அவர்கள் இசைந்தால், ஓவியரின் பெயர் அச்சிடப்படும் அதே எழுத்தளவில் அந்தந்தப் பக்கத்திலேயே அச்சிடப்படல் வேண்டும். அவர்களை வகுப்பறைக்கு அழைக்கும் நாளில் வளவாளருக்குரிய கொடுப்பனவே அவர்களுக்கும் வழங்கப்படல் வேண்டும்.