விசுவாசக் குறத்தி சொன்ன குறி

எரேமியா சொல்லச் சொல்லப் பாருக்கு எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா என்ன செய்தான் என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். குளிர்காலம். ராஜாவுக்கு முன்னால் கணப்பு எரிகிறது. மூன்று நாலு பத்தி வாசித்ததும் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். சுருள் தீரும்வரை அறுப்பும் எரிப்பும்தான். அதற்குப் பிறகு நடந்ததே எழுதுகிறவனுக்கு வேண்டிய செய்தி. பாருக்கு வேறொரு சுருள் எடுத்தான். எரிந்துபோனது முழுவதும் மறுபடி எழுதப்பட்டது. போதாததற்குப் புதிதாகவும் பல வார்த்தைகள் சேர்ந்தன. தமிழ்க் கிறிஸ்தவ எழுத்தின் வரலாறு இந்த இரண்டாவது சுருளின் வரலாறு என்றே எனக்குப் படுகிறது.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார் மிஷனெரி சீகன்பால்க். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் கோட்டையின் தளபதி அவரைச் சிறையில் வைத்துவிட்டான். நாலு மாதம் கழித்து வெளியே வந்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 1711இல் முடித்தார். அச்சேறி முடிந்தது 1715இல். தாள் தட்டுப்பாட்டால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டி, தரங்கம்பாடியிலேயே புதிய அச்செழுத்து வார்த்தார்கள். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்திருந்தபோது, 1719இல், 36 வயதில் அவர் காலமானார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனெரி சூல்ட்சு முடித்தார்.

இந்தத் தரங்கம்பாடிப் பள்ளிக்கு அளவுகோல் ஒன்றே ஒன்று: கேட்கிறவனுக்குப் புரிய வேண்டும். அந்தத் தமிழைப் பார்த்துச் சிரித்தவர் வேற்று மதத்துப் புலவரல்லர். கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர். சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கி, 36 படலம், 3615 பாட்டில் தேம்பாவணி பாடிய இத்தாலியக் குருவுக்குச் சிந்தாமணியும் கம்பனும் வைத்ததே அளவு. யூதேயாவை வருணிக்க வந்தவர் தமிழ் ஆற்றையும் தமிழ் வயலையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். தேம்பாவணியின் பெருமையில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்திருக்கிற நடவுக்காரி அதில் எதைப் பாடுவாள்?

அவளுக்குப் பாட்டுக் கொடுத்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). பேராவூரணியிலிருந்து சேதுபாவாசத்திரம் போய், கடற்கரைச் சாலையில் மல்லிப்பட்டினம் பக்கம் போனால் மனோரா நிற்கிறதல்லவா? நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட 1814–15இல் அதைக் கட்டிய இரண்டாம் சரபோஜியும் சாஸ்திரியாரும் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரின் நிழலில் வளர்ந்தவர்கள். ஒருவர் அரியணை ஏறினார், மற்றவர் திருநெல்வேலியிலிருந்து ஐயர் கூட்டிவந்த பையன். தன் குலதெய்வத்தைப் பாடச் சொல்லி மன்னர் கேட்டார், சாஸ்திரியார் மறுத்துவிட்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, அவர் பாடிய பொருளை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை. மாற்றாமல், ஊரில் கிடந்த உருவங்களையெல்லாம் எடுத்துக்கொண்டார்: குறவஞ்சி, நொண்டி நாடகம், தச்ச நாடகம், ஏற்றப்பாட்டு.

ஏற்றம் இறைத்த காலத்தைப் பார்த்தவர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். மேலே மரத்தில் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே ஒருவர் சாலைத் தண்ணீருக்குள் இறக்கி, எழும்பி வந்ததும் வாய்க்காலில் கவிழ்ப்பார். ஒரு சாலுக்கு ஓர் அடி. பாட்டு அலுப்பைத் தீர்க்கும். எத்தனை சால் ஆயிற்று என்ற கணக்கையும் அதுவே வைத்துக்கொள்ளும். அந்த மெட்டில் வேதத்தை வைத்தால், படிக்கத் தெரியாதவன் இறைத்துக்கொண்டே மனப்பாடம் செய்துவிடுவான். சாஸ்திரியாரின் ‘ஞான ஏற்றப்பாட்டு’ செய்த காரியம் அது. எளிமை என்று சொல்லிவிட்டு இலக்கணத்தையும் தாளத்தையும் கைவிடுகிற இன்றைய பாட்டுக்காரர்கள் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

‘பெத்லகேம் குறவஞ்சி’யில் அவர் செய்தது அதைவிடப் பெரிது. தலைவி தேவமோகினி, அதாவது திருச்சபை, தலைவனை நினைத்து ஏங்குகிறாள். குறி சொல்ல ஒரு குறத்தி வருகிறாள். அவள் யார்? விசுவாசம்! பேராயரோ போதகரோ வந்து திருச்சபையைத் தேற்றவில்லை. கூடையும் மாத்திரைக்கோலுமாகத் தெருவில் வருகிறவள் கையைப் பிடித்து, உன் நாயகன் வருவான் என்கிறாள். உபதேசியார் இந்த நாடகத்தில் நூவன்தான், பறவை பிடிக்கப் போகிறவனுக்கு எடுபிடி. உபதேசியார் வேலையே பார்த்துவந்த ஒருவர் இப்படி எழுதினார் என்பதில் ஒரு குறும்பும் இருக்கிறது, ஒரு நம்பிக்கையும் இருக்கிறது.

அந்த நம்பிக்கை அவருக்கே தேவைப்பட்டது. புதிதாக வந்த மிஷனெரிமார் பழைய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தினார்கள். கோயிலில் தமிழ்ச் சங்கீதம் வேண்டாம், பூ வேண்டாம் என்றார்கள். சாதிப் பிரிவைக் கைவிடச் சொன்னார்கள். சாஸ்திரியார் எல்லாவற்றையும் எதிர்த்து எழுதினார். 1829இல் வேலை போயிற்று. ஆதரித்தவர் அவருடைய தெய்வத்தைக் கும்பிடாத சரபோஜி. பாட்டு விஷயத்தில் சாஸ்திரியார் பக்கமே நியாயம். சாதி விஷயத்தில் அவர் நின்ற இடம் தவறு. மலர்க் கட்டுரை என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியார் எண்பதை நெருங்கியிருந்தார். மேட்டூர் திறந்தாலும் கல்லணைக் கால்வாயின் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று நமக்குத் தெரியும். அவருக்கும் அங்கீகாரம் அப்படித்தான் வந்தது.

காப்பியப் பள்ளி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையிடம் மறுபடி தழைத்தது. வைணவராகப் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர், ஜான் பனியனின் ‘மோட்ச பிரயாண’த்தைக் கம்பன் காதோடு கேட்டு ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஆக்கினார். பத்திரிகையில் பகுதி பகுதியாக வந்த அது, 1894இல் நூலாக வந்தபோது அவருக்கு வயது 67.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை தனிப் பள்ளி. முன்சீப் வேலை பார்த்த கத்தோலிக்கர். 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ மூலம் தமிழுக்கு முதல் நாவலைக் கொடுத்தார். பாட்டு எழுதியபோது எல்லாச் சமயத்தாரும் பாடும்படி ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ என்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்ற சைவப் பெரும்புலவர் அவர்மேல் ‘குளத்துக் கோவை’ பாடினார். தன் சபைக்குள் மட்டும் மதிப்புத் தேடியிருந்தால் இது கிடைக்குமா? தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்தவருக்கு விசுவாசத்தைத் தனியாக வசனம் போட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரையும் இந்த வரிசையில் சேர்ப்பேன். சித்த மருத்துவத்தில் சம்பாதித்ததைச் சங்கீத மாநாடுகளுக்குச் செலவழித்து, சொந்த அச்சகத்தில் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை 1917இல் வெளியிட்டார். யாரும் கேட்டு எழுதிய நூல் அன்று அது.

நம் காலத்துக்கு வந்தால் அளவுகோல் மாறிவிடுகிறது. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) பனையேறிகளின் வீட்டுக்குள் நுழைகிறது. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ பரதவர் கடலுக்குப் போகிறது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் ஆரோக்கியம் என்ற கிறிஸ்தவ வண்ணாத்தி துணி மூட்டையோடு காலனித் தெருவில் நடக்கிறாள். பாமாவின் ‘கருக்கு’ (1992) கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த ஒரு பெண்ணின் கோபம். இவற்றில் பிரசங்கம் இல்லை. சில சபைகளுக்கு இவை பிடிக்காமலும் போகலாம். சாஸ்திரியாரையே பிடிக்காமல் போன சபைதானே இது. கேட்டால், ‘கருக்கு’தான் எரேமியாவின் சுருளுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது என்பேன்.

இந்த மலருக்கு வந்து குவிந்த கவிதைகளில் பெரும்பாலானவை ‘அன்பே உருவான’ என்று தொடங்கி ‘ஆமென்’ என்று முடிகின்றன. எழுதியவர்களின் பக்தியில் குறையில்லை. ஆனால் 2018 கஜா புயலில் தென்னை முழுவதும் சாய்ந்த தோப்புகள் நம் ஊரைச் சுற்றி எத்தனை! அந்த நவம்பருக்கு அடுத்த மாதமே கிறிஸ்துமஸ் வந்தது. கூரை போன வீட்டில் நட்சத்திரம் கட்டினார்களா, கட்டியிருந்தால் எதில் கட்டினார்கள், அந்த ஆண்டுக் காணிக்கைப் பெட்டியில் என்ன விழுந்தது, கீற்று முடைகிற கைகளுக்கு அப்புறம் என்ன வேலை கிடைத்தது? இதை யாராவது பேராவூரணித் தமிழில் நாவலாக எழுதினால் வாசிக்க நான் காத்திருக்கிறேன். வசனம் எதுவும் மேற்கோள் காட்ட வேண்டாம். அடுத்த மலருக்கு ஒரு அத்தியாயம் கொடுத்தாலும் போதும். பக்கம் ஒதுக்கச் சொல்லி நானே ஆசிரியர் குழுவிடம் பேசுகிறேன்.