அச்சமும் குற்றமும்

அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். உள்ளத்து நிகழ்வது உடலிற் புலப்படும் என்பதே மெய்ப்பாட்டின் கருத்து. அப்புலப்பாட்டைக் கருவிகொண்டு அளந்து, அஃது இல்லாத குழந்தை பின்னாளிற் குற்றம் புரியுமா என்று ஆராய்ந்தோருள் ஒருவர் ஏட்ரியன் ரெய்ன். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், 2013-இல் ‘வன்முறையின் உடற்கூறு’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். தமிழாசிரியர் அதனை அறிதல் நலம். ஏனெனில், அவர் பெரிதும் சான்று காட்டும் ஆய்வு மொரீசியசுத் தீவில் நிகழ்ந்தது. அதிற் சேர்ந்த பிள்ளைகளுட் பெரும்பாலோர் நம்மைப் போலவே கடல் கடந்து குடியேறிய இந்தியரின் வழித்தோன்றல்கள்.

மூன்று வயதுப் பிள்ளைகள் 1,795 பேரிடம் சோதனை நடைபெற்றது. ஓர் ஒலிக்குப்பின் செவிக்கு இன்னாத பேரோசை எழும். மற்றோர் ஒலிக்குப்பின் ஒன்றும் நிகழாது. பழகிய குழந்தைக்கு முதலொலி கேட்டதும் விரல் வியர்க்கும். 23 வயதிற்குள் குற்றப்பதிவு பெற்றோர் 137 பேர். அவர்களை ஒத்த 274 பேரோடு ஒப்பிட்டபோது, குற்றம் புரிந்த குழுவினரிடம் அவ்வச்ச வியர்ப்பு தோன்றவில்லை. இம்முடிவு 2010-இல் வெளியாயிற்று. சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி, நெருக்கடியிற் சுரக்கும் கார்ட்டிசாலும் இவ்வாறே ஆராயப்பட்டது. அடங்காச் சிறுவர் 38 பேரைப்பற்றி 2000-இல் வந்த வேறோர் ஆய்வு, உமிழ்நீரில் அது குறைந்தோரிடம் முரட்டுத்தனம் நீடித்ததைக் காட்டியது.

இவை பாராட்டத்தக்க உழைப்பே. ஆயினும் மூன்று தடைகள் எழுகின்றன. முதலாவது, குற்றம் வேறு, சைக்கோபதி வேறு. பிறர் துயருக்கு இரங்காமையும் வஞ்சனையும் சேர்ந்த இயல்பே பின்னது. குற்றவாளிகள் எல்லாரும் அவ்வியல்பினர் அல்லர். அது சித்தம் கலங்கிய மனநோயும் அன்று. திரைப்படங்கள் பரப்பிய ‘சைக்கோ’ என்னும் சொல் இம்மூன்றையும் குழப்பிவிட்டது. இரண்டாவது, கார்ட்டிசால் காலையில் மிகும், இரவிற் குறையும். நெடுநாள் துன்பமுற்றவரிடமும் அது தாழ்ந்திருத்தல் கூடும். எனவே, அது காரணமோ, பட்ட துயரின் தழும்போ என்பது ஒரு துளி உமிழ்நீரால் விளங்காது. மூன்றாவது, குழுவின் சராசரி தனிப்பிள்ளையின் தலையெழுத்தாகாது.

இத்துணையும் அறிந்த ரெய்ன், நூலிறுதியில் 2034-ஆம் ஆண்டைக் கற்பனை செய்கிறார். ஆடவர் யாவரும் 18 வயதில் மூளைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐயத்திற்குரியோர் குற்றம் புரியுமுன்னரே காவலில் வைக்கப்படுவர். அத்திட்டத்திற்கு, மண்டையோட்டைக்கொண்டு குற்றவாளியை அறியலாம் என்ற இத்தாலியர் லொம்புரோசோவின் பெயரையே சூட்டுகிறார். வருவதை எச்சரிக்கும் கற்பனை என்பாரும் உளர். எச்சரிக்கையாயின், அதனை மறுக்கும் குரல் இன்னும் ஓங்கி ஒலித்திருத்தல் வேண்டும்.

அம்மறுப்பு அவர் நூலிலேயே உள்ளது. மொரீசியசில் நூறு குழந்தைகளுக்கு, மூன்று முதல் ஐந்து வயதுவரை நல்லுணவும் உடற்பயிற்சியும் கல்வியும் அளிக்கப்பட்டன. ஏனைய பிள்ளைகளோடு ஒப்பிட, 17 வயதில் அவர்களிடம் தீயொழுக்கம் குறைந்திருந்தது. மூன்று வயதில் ஊட்டமின்றி இருந்தவரே மிகுந்த பயன் பெற்றனர்.

வள்ளுவர் வகுத்த தீவினையச்சம் பிரம்பைக் கண்டு வருவதன்று. பழக்கத்தாலும் பரிவாலும் வளர்வது. பண்டார் தெங்காரா போலச் செம்பனை சூழ்ந்த ஊர்களில், அடிக்கும் அஞ்சாத மாணவனைக் காணும் ஆசிரியர், அவனுக்குப் பெயர் சூட்டுமுன், காலையில் உண்டானா என்று கேட்பாராக. இந்நூலின் சிறந்த பகுதி கற்பிப்பதும் அதுவே.